தெருவில் சுட்ட சோளம் போதும்

வீட்டில் மெக்சிகன் சோளம் செய்யாதீர்கள். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அந்நிய உணவு கூடாது என்று கம்பெடுத்து நிற்கும் கலாச்சாரக் காவலர்களின் வரிசையில் என்னை யாரும் சேர்த்துவிட வேண்டாம். மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் அந்தக் கண்டத்திலிருந்துதான் வந்தன. அவற்றைக் கழித்தால் நம் ரசத்துக்கே வழியில்லை. எனக்கு மெக்சிகோவோடு சண்டை இல்லை. தெருவில் நின்று தின்ன வேண்டிய ஒரு பண்டத்தை வீட்டு அடுப்பில் ஏற்றி, அதைச் செய்து தருவதை நல்ல அம்மாவின் லட்சணமாக ஆக்கியிருக்கிறார்களே, அதோடுதான் சண்டை.

பண்டம் எளிமையானது. இளங்கதிரைத் தணலில் சுட்டு, மயோனைஸோ வெண்ணெயோ தடவி, மிளகாய்ப்பொடி தூவி, எலுமிச்சை பிழிந்து, மேலே உப்பான பாலாடைக்கட்டியை உதிர்த்துப் போடுவார்கள். திருப்பூருக்கு இது கல்யாண ரிசப்ஷன் ஸ்டால் வழியாகவும் கைபேசி வழியாகவும் வந்து சேர்ந்தது. ஒருமுறை தின்ற பிள்ளை வீட்டில் கேட்கிறது. கேட்டதைச் செய்து கொடுக்காத அம்மாவுக்குக் குற்றவுணர்வு. இந்தக் குற்றவுணர்வை வைத்தே ஒரு பெரிய சந்தை ஓடுகிறது.

நான் இங்கே ஒரு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். குடியிருப்பது அனுப்பர்பாளையம், பாத்திரப் பட்டறைகளின் ஊர். என் மாணவிகளில் பாதிப்பேரின் அம்மாக்கள் பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்கள். ஓவர்லாக், செக்கிங், கைமடி, பேக்கிங் என்று ஆளுக்கொரு பிரிவு. கம்பெனிக்குப் போக முடியாதவர்கள் மூட்டையை வீட்டுக்கு எடுத்து வந்து பீஸ் கணக்கில் பிசிறு வெட்டுகிறார்கள். இந்தச் சோளத்தை வீட்டில் செய்து பார்த்தவர்கள் இவர்களில் நிறையப் பேர். கேட்டவுடன் கொட்டித் தீர்த்துவிட்டார்கள்.

பத்தே நிமிடம் என்றுதான் எல்லாச் செய்முறையும் சொல்கிறது. கடையில் கதிர் தேடும் நேரம் அந்தப் பத்தில் வராது. தோகை உரித்து, மணிகளுக்கு நடுவே ஒட்டியிருக்கும் நாரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, குக்கரில் இரண்டு விசில் விட்டு, ஈரம் துடைத்து, பிறகு கேஸ் அடுப்பில் நேராகக் காட்டிச் சுட வேண்டும். கொஞ்சம் முற்றிய கதிர் என்றால் மணி வெடித்து முகத்தில் தெறிக்கும். இனிப்புச் சோளம் என்றால் சர்க்கரை கருகி வெளியே கறுப்பாகும், உள்ளே சவசவ என்றிருக்கும். வழிந்த சாறு பர்னர் கண்ணை அடைத்துக்கொள்ள, மறுநாள் காலை அடுப்பு மஞ்சளாக எரியும். காலையில் ஏழு மணிக்குள் மூன்று டிபன் பாக்ஸ் கட்ட வேண்டியவளுக்கு அடுப்பு மஞ்சளாக எரிவது சின்ன விஷயம் இல்லை.

செக்கிங்கில் வேலை செய்யும் ஒரு பெண் சொன்னார்: “பகல்பூரா கம்பெனில டேமேஜ் பாக்கறது பத்தாதுன்னு, வீட்டுக்கு வந்து ஒவ்வொரு மணியா கருகிருச்சா வெந்துருச்சான்னு பாக்கோணுமாங்க மேடம்?” இன்னொருவர், கரியில் சுட்டால்தான் அந்த மணம் வரும் என்று மகன் சொன்னதற்காக, மாமியாரின் குமுட்டி அடுப்பைத் தேடி எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக்கு ஏற்றினார். திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை துணி காயாத மொட்டை மாடி எது? ஆறு நாள் துணியும் அன்றைக்குத்தான் கொடியில். புகை முழுக்கப் பக்கத்து வீட்டு வெள்ளைத் துணியில் படிந்தது. அந்த லைன் வீட்டில் இரண்டு பெண்களுக்கு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. சோளம் கேட்ட மகன் இரண்டு வீட்டுக்கும் போய் வந்துகொண்டிருக்கிறான்.

மயோனைஸுக்குப் பதில் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர், பாலாடைக்கட்டிக்குப் பதில் துருவிய பன்னீர் என்று மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. “நல்லாத்தான் இருந்துச்சுங்க. ஆனா இது அது இல்லைன்னுட்டா எம்பொண்ணு” என்றார் ஒரு அம்மா. ஒருவர் மட்டும் பிரமாதமாகச் செய்வதாகப் பெயர் வாங்கியிருக்கிறார். வறுத்த நிலக்கடலையும் பூண்டும் மிளகாயும் இடித்த பொடியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவுகிறார். எனக்கும் ஒன்று கொடுத்தார். மெக்சிகோவுக்கே அனுப்பி வைக்கலாம் போன்ற ருசி. அதைச் சொன்னபோது சிரித்துவிட்டு, “கம்பெனி லீவுல இருந்தப்ப கத்துக்கிட்டது மேடம். ஆர்டர் வந்துட்டா ஏதுங்க நேரம்” என்றார்.

நேரம்தான் விஷயம். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்பது காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கு முடியும். கப்பல் தேதி நெருங்கினால் அதற்கு மேலும் நீளும். 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் ஒரு இந்தியப் பெண் சம்பளமில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள். வீட்டு வேலை செய்யும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். அப்படி ஏதாவது செய்யும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்கள் 81 பேர். ஆக, பத்து நிமிடச் சோளத்துக்கான அந்த நிமிடங்கள் இந்த 299-க்கு மேல்தான் ஏறும். ஆணின் 97-இல் ஏறாது.

ஆண்கள் செய்யவே இல்லையா என்பீர்கள். செய்கிறார்கள், பார்பிக்யூவாக. மொட்டை மாடியில் கம்பி அடுப்பு வைத்து, நண்பர்களைக் கூப்பிட்டு, கையில் இடுக்கியோடு நிற்பார்கள். தோகை உரித்தது, மசாலா அரைத்தது, தட்டுக் கழுவியது யார் என்று கேட்டால் அந்த மாடியில் பதில் இருக்காது, கீழே சமையலறையில் இருக்கும். பெண் சுட்டால் அது சமையல், ஆண் சுட்டால் அது கொண்டாட்டம். என் சக பேராசிரியர் ஒருவர் வருடத்துக்கு ஒருமுறை இப்படிச் சுட்டுவிட்டு அடுத்த வருடம் வரை அதைப் பற்றிப் பேசுவார்.

இனி அந்த மெக்சிகோவுக்கே போவோம். அங்கே இதன் பெயர் எலோத்தே. நாவாட்ல் மொழியில் இளங்கதிர் என்று பொருள். அந்த மண்ணின் பழைய வெள்ளைச் சோளம், நம் சூப்பர்மார்க்கெட் இனிப்புச் சோளம் இல்லை. மாவுச்சத்து மிகுந்தது, பல்லுக்கு வேலை கொடுப்பது. தெரு முனையிலும் சதுக்கத்திலும் தேவாலய வாசலிலும் தள்ளுவண்டியில் விற்பார்கள். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் ஒரு குச்சியில் செருகி வாங்கிக்கொண்டு நடந்தபடியே தின்பார்கள். மூலப் பண்டத்தின் இலக்கணமே இதுதான்: தெருவில் வாங்குவது, நின்று தின்பது, பாத்திரம் கழுவ வேண்டாதது. வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் அதன் மயோனைஸை விட்டுவிடாமல் கொண்டுவந்தார்கள், இந்த இலக்கணத்தை மட்டும் வழியிலேயே போட்டுவிட்டார்கள்.

மெக்சிகோவின் பியூப்லா மாநிலத்தில் தெவாகான் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் மெக்நீஷ் என்ற தொல்லியலாளர் அங்குள்ள குகைகளைத் தோண்டியபோது விரல் நீளமே உள்ள சோளக் கதிர்கள் கிடைத்தன. அவற்றுள் பழையவற்றுக்கு வயது 5000 ஆண்டுகளுக்கும் மேல். காட்டுப் புல்லைச் சோளமாக்கிய ஆதி உழவின் தடயங்களில் ஒன்று அது. அதே தெவாகான்தான், 1994-இல் வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகு, அமெரிக்கக் கடைகளுக்கு ஜீன்ஸ் தைக்கும் ஊராகப் பெருத்தது. கிராமங்களிலிருந்து இளம்பெண்கள் தையல் இயந்திரங்களுக்கு வந்தார்கள். ஜீன்ஸ் அலசிய நீலத் தண்ணீர் சோளக் காட்டு வாய்க்கால்களில் ஓடியது. அதே ஒப்பந்தத்தின் வழியாக அமெரிக்காவின் மலிவான மக்காச்சோளம் உள்ளே வந்து சிறு விவசாயியின் சோளத்தை விலை போகாமல் செய்தது.

இதை வாசிக்கும் திருப்பூர்க்காரிக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நம் நொய்யலின் நிறத்தை எந்த நாட்டுக்கு எந்த நிற பனியன் போகிறது என்று பார்த்துச் சொன்ன காலம் உண்டு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு அது முற்றியது. நம் ஊரைச் சுற்றியும் மக்காச்சோளம்தான். உடுமலை, குடிமங்கலம், தாராபுரம் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பிய படைப்புழு 2018-இல் இங்கே வந்திறங்கியபோது குருத்துக்குள் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு நின்ற கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். கதிர் ஒடிக்கப் போவதும் அவர்களே. அப்படி ஒடித்த சோளம் பல்லடம், நாமக்கல் கோழிகளுக்குத் தீவனமாகப் போகிறது, ஸ்டார்ச் ஆகி சைசிங் மில்லில் பாவுக்குக் கஞ்சியாகப் போகிறது. மனுசி வாய்க்கு வருவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் பாட்டிலில் அடைத்த சாஸோடு சேர்த்து ஒரு வேலையாக அவளுக்கே திருப்பிக் கொடுக்கிறோம்.

மெக்சிகோவின் சோளச் சமையலில் இன்னொரு கதை உண்டு, இதைவிட எனக்கு முக்கியமானது. முற்றிய சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறப்போட்டு, மெதாத்தே என்னும் கல்லில் மண்டியிட்டு அரைத்துத்தான் அங்கே ரொட்டி சுடுவார்கள். அந்தச் சுண்ணாம்புதான் சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் சத்தை விடுவிக்கும். சோளத்தை எடுத்துக்கொண்டு அந்த அறிவை விட்டுவிட்டுப் போன இத்தாலியிலும் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் அதையே தின்று வாழ்ந்த ஏழைகள் பெலாக்ரா நோய் வந்து செத்தார்கள். பெண்களின் சமையலறையில் இருந்ததை அறிவென்று யாரும் எண்ணாததன் விலை அது. ஆனால் அந்த அறிவுக்கு மெக்சிகோப் பெண் கொடுத்த விலையும் பெரிது. அம்மிபோன்ற அந்தக் கல்லின் முன் நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம் முழங்காலில் நிற்க வேண்டும். 1920களிலும் 30களிலும் இயந்திர மாவு மில்கள் கிராமத்துக்கு வந்தபோது எதிர்த்தவர்களில் ஆண்கள் நிறையப் பேர். மில் மாவு ருசிக்காது என்றார்கள். வேலை குறைந்தால் பொண்டாட்டி கெட்டுப் போவாள் என்றும் பயந்தார்கள். பெண்கள் சங்கம் கட்டி அரசிடம் மில் கேட்டு வாங்கினார்கள்.

இதைத் தமிழ்ப் பேராசிரியையாக வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. குற்றிக் குற்றித் தோள் வலித்த பெண்கள் பாடியதை வள்ளைப்பாட்டு என்று வகைப்படுத்தி, சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அது வரும் இடத்தைக் கேள்வித்தாளில் இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்கிறது எங்கள் துறை. உலக்கையின் எடை எவ்வளவு என்று எந்த உரையாசிரியரும் எழுதி வைக்கவில்லை. நம் ஆண்களும் மெக்சிகோ ஆண்கள் சொன்னதையேதான் சொன்னார்கள். கோயம்புத்தூர் கிரைண்டர் வந்தபோது ஆட்டுக்கல் மாவு ருசி வராது என்றார்கள், மிக்ஸி வந்தபோது அம்மிச் சட்னி மாதிரி இல்லை என்றார்கள். 2011 செப்டம்பர் 15 அன்று அரசு இலவச மிக்ஸியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியபோது சோம்பேறியாக்குகிறார்கள் என்றார்கள். (அண்ணா பிறந்தநாளில் பிறந்த திட்டங்களை வைத்தே தமிழ்ப் பெண்ணின் அடுப்படி வரலாற்றை எழுதிவிடலாம். பள்ளியில் காலை உணவு 2022 செப்டம்பர் 15, மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15.)

கிரைண்டர் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரம் எங்கே போனது? அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் எழுதிய நூலில் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார். வீட்டுக்கு இயந்திரம் வர வர அம்மாவின் வேலை குறையவில்லை, எதிர்பார்ப்பின் தரம்தான் உயர்ந்தது என்பது அவர் கண்டது. நம் ஊரில் அந்த நேரத்தில் பாதியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது, அதற்குச் சம்பளம் என்று ஏதோ ஒன்றாவது கொடுக்கிறது. மீதிப் பாதியைப் புதிய செய்முறைகள் எடுத்துக்கொள்கின்றன. திங்கள் பாஸ்தா, புதன் மோமோ, ஞாயிறு மெக்சிகன் சோளம். கல்லில் அரைத்த பாட்டிக்கு ஒரே குழம்புதான் தெரிந்திருந்தது, அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

‘நான் விரும்பித்தானே செய்கிறேன்’ என்று சிலர் கோபிக்கலாம். கடலைப்பொடி தடவித் தந்த அந்தப் பெண்ணின் மகிழ்ச்சியை நான் கண்ணால் பார்த்தேன், அதைப் பொய் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அவருக்கு அந்த மகிழ்ச்சி வேலையில்லாத நாட்களில் வந்தது. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவளிடம் வீடே சேர்ந்து எதிர்பார்த்தால் அது விருப்பமாகாது, அதற்கு இன்னொரு ஷிப்ட் என்று பெயர். விருப்பம் என்றால் விருப்பமில்லை என்று சொல்லும் உரிமையும் கூடவே இருக்க வேண்டும்.

சுத்தம் என்று ஒரு வாதம். தெருவில் தூசி, வீட்டில் சுத்தம். தணலில் புரண்டு எழுந்து, தன் தோகையிலேயே சுற்றிக் கைக்கு வரும் கதிரில் எந்தக் கிருமி உட்காரப் போகிறது? நம் அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது பச்சை முட்டையில் அடித்த மயோனைஸை. கரியில் சுட்ட சோளத்தை அல்ல.

செலவு என்று இன்னொரு வாதம். தெருவில் ஒரு கதிர் 30 ரூபாய், நாலு பேருக்கு 120 ரூபாய், வீட்டில் செய்தால் மிச்சம் என்கிறார்கள். பச்சைக் கதிர் நாலு, மயோனைஸ் பாட்டில், சீஸ், வெண்ணெய் என்று கூட்டிப் பாருங்கள், மிச்சம் எங்கே? அப்படியே மிச்சம் தெரிந்தாலும் அது அவளுடைய நேரத்துக்குப் பூஜ்யம் என்று போட்டதால் வந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், கூடுதல் நேர வேலைக்கு இரட்டைச் சம்பளம் என்றது. திருப்பூரில் எத்தனை பேர் கைக்கு அது வருகிறது என்பது வேறு கட்டுரை. சட்டத்தின் ஏட்டிலாவது கம்பெனியில் அவளுடைய கூடுதல் மணி இரண்டு மடங்கு. வீட்டில் ஏட்டிலும் இல்லை. உரிமைத் தொகை அந்த வீட்டு உழைப்புக்கான அங்கீகாரம் என்றார்கள். 2023-இல் தொடங்கியபோது மாதம் 1000 ரூபாய், நாளுக்கு 33 ரூபாய் சில்லறை. கிட்டத்தட்ட ஒரு சுட்ட கதிரின் விலை. அதை அவள் சுட வேண்டாம், வாங்கித் தின்னட்டும் என்கிறேன்.

யாரிடம் வாங்குவது? பி.என். ரோட்டில் மாலை ஐந்து மணிக்குமேல் இரும்புச் சட்டியில் தணலோடு உட்காரும் ஓர் அக்காவிடம் நான் வாங்குகிறேன். கைமடியில் இருபது வருடம் இருந்தவர். கண் மங்கி, டேமேஜ் கூடியதும் கம்பெனி வேண்டாம் என்றது. பி.எஃப். பணத்தில் மகள் கல்யாணம் முடிந்தது. விடியலில் தென்னம்பாளையம் சந்தைக்குப் போய்க் கதிர் எடுக்கிறார். தோகையை விரிக்காமல் நகத்தால் ஒரு மணியை மட்டும் அழுத்தி, பால் எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்துப் பொறுக்குகிறார். பால் அதிகமிருந்தால் வேகவைக்க, கொஞ்சம் இறுகியிருந்தால் சுட. அரை எலுமிச்சையை உப்பு மிளகாயில் ஒற்றி வரிசை வரிசையாகத் தேய்க்கும்போது ஒவ்வொரு மணியிலும் காரம் ஏறுகிறது. மெக்சிகோத் தெருவில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான், பாலாடைக்கட்டி மட்டும்தான் பாக்கி. இவர் கைக்கு எந்தச் செய்முறைப் புத்தகத்திலும் இடமில்லை, சமையல்காரி என்றுகூட யாரும் சொல்வதில்லை. சோளக்காரி என்பார்கள்.

இந்த வருடத்தில் மட்டும் மூன்று முறை அவரை இடம் மாற்றியிருக்கிறார்கள். ஒருமுறை சட்டியைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள், தணல் அணையாமலே. 2014-இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம், கணக்கெடுத்துச் சான்று தராமல் வியாபாரியை அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்றும் சொல்கிறது. இந்த வரியை அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். மடித்துப் பணப்பையில் வைத்திருக்கிறார். பெண்ணியம் பேசும் நாம் சமையல் குறிப்பு பகிரும் நேரத்தில் பாதியைச் செலவிட்டால், கம்பெனி விடும் நேரத்தில் கேட்டருகே இவர்கள் உட்கார ஓர் இடம், ஒரு விளக்கு, ஒரு குடிநீர்க் குழாய், ஒரு கழிப்பறை என்று கேட்டு அந்தக் குழுவின் கதவைத் தட்ட முடியும். ஷிப்ட் முடிந்து வருகிறவள் நின்று தின்னட்டும். பிள்ளைக்கும் புருசனுக்கும் வேண்டுமானால் அவர்களும் வந்து நிற்கட்டும், அல்லது காசு கொடுத்தனுப்பட்டும்.

போன வாரம் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் அவரிடம் மயோனைஸ் இருக்கிறதா என்று கேட்டார்கள். விசிறியை நிறுத்தாமல் அவர் சொன்னது: “அந்த வெள்ளச் சட்னிதானுங் கண்ணு? வேணும்னா பாட்ல வாங்கிட்டு வாங்க, தேய்ச்சுத் தர்றேன். அதுக்குத் தனிக்காசு இல்ல. கதிருக்குத்தான் முப்பது ரூவா.”